இன்டேக் மேனிஃபோல்டை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி சுருக்கமாக இது: ஐட்லிங்கில் இன்ஜின் நடுங்குகிறது, செக் இன்ஜின் லைட் எரிகிறது, ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வருகிறது. இன்டேக் மேனிஃபோல்டை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். ஸ்பேனர், சாக்கெட் செட் கையில் இருக்கிறது. பிளக், பிரேக் பேட் எல்லாம் சொந்தமாக மாற்றிய பழக்கமும் உண்டு. இந்த வேலையை வீட்டில் வைத்தே செய்யலாமா?

செய்யலாம். நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், சாதாரண போர்ட் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை மேனிஃபோல்டு பக்கமே தெளிக்கும் அமைப்பு) என்றால் தாராளமாகச் செய்யலாம். ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் அந்த வண்டியை எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லாத நாளாக இருக்கட்டும். இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். ஒன்று, கோளாறு உண்மையில் எங்கே என்று உறுதிசெய்யாமல் கழற்ற ஆரம்பிப்பது. இன்னொன்று, கேஸ்கெட் (இரண்டு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் அடைப்பு) உட்காரும் முகப்பைச் சரியாகச் சுத்தம் செய்யாமலும், போல்ட்டை ஒழுங்கான வரிசையில் முறுக்காமலும் விடுவது. நடுவில் வரும் கழற்றலுக்குப் பொறுமை போதும். அதனால் அந்த இரண்டு இடங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் இந்தப் பாகம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஏர் ஃபில்டர் வழியாக வரும் காற்று, அதன் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைத் தாண்டி மேனிஃபோல்டின் பெரிய அறைக்குள் நுழைகிறது. அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பிரியும் குழாய்கள் அதை இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் உள்ள துளைகளுக்குக் கொண்டுபோகின்றன. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது இந்த அறைக்குள் அழுத்தம் சுமார் 30 முதல் 40 கிலோபாஸ்கல்தான். வெளியே கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல். அந்த வித்தியாசத்தை நாள் முழுக்கத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய கேஸ்கெட். அதில் மயிரிழை அளவு இடைவெளி கிடைத்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். அந்தக் காற்று ஏர் ஃப்ளோ சென்சாரைத் தாண்டி வராததால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் கணக்கில் அது இல்லை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடை அளவில் 14.7 பங்கு காற்று என்ற விகிதம் குலைந்து, கலவை மெலிந்து, இன்ஜின் மிஸ் அடிக்கிறது. ஆக்ஸிஜன் சென்சார் இதைப் பார்த்துச் சொல்ல, ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகிறது. கூட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டியதும் பி0171 பதிவாகும். வி வடிவ இன்ஜினில் இரண்டாவது வரிசை சிலிண்டர்களுக்கு இதுவே பி0174.

ஆக, அந்தக் கோடு சொல்வது கலவை மெலிந்திருக்கிறது என்பதை மட்டும்தான். மேனிஃபோல்டு போய்விட்டது என்று அது சொல்லவில்லை. வெடித்த பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்குத் திருப்பும் குழாய்), திறந்தபடியே மாட்டிக்கொண்ட பர்ஜ் வால்வு (டேங்க்கின் பெட்ரோல் ஆவியை மேனிஃபோல்டுக்கு விடுவது), பிரேக் பூஸ்டர் ஹோஸில் கீறல், காய்ந்துபோன இன்ஜெக்டர் ஓ-ரிங், அழுக்குப் படிந்த ஏர் ஃப்ளோ சென்சார், பலம் குறைந்த ஃப்யூயல் பம்ப் என்று எது போனாலும் இதே கோடு வரும். இவற்றில் பலவும் மேனிஃபோல்டைத் தொடாமலே சரிசெய்யக்கூடியவை. எனவே மெக்கானிக் எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்று கேளுங்கள். புகை விட்டுப் பார்த்தேன், இந்த இடத்தில் வந்தது என்றால் சரி. கோடைப் பார்த்ததும் சொல்லிவிட்டார் என்றால் நீங்களே சோதித்துவிடுவது நல்லது.

அதற்கு முதல் கருவி அதே ஸ்கேனர்தான். நேரடி அளவுகளில் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் என்று இரண்டு ஃப்யூயல் ட்ரிம் எண்கள் காட்டும். ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதே அவை. இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஐட்லிங்கில் கூட்டுத்தொகை 20 சதவீதத்தைத் தாண்டி, ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடிக்கும்போது 5, 6 என்று இறங்கினால், அது காற்றுக் கசிவின் அடையாளம். காரணம் எளிது: ஐட்லிங்கில் இன்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம்தான், அதில் கசிவின் பங்கு பெரிது. த்ராட்டில் திறந்ததும் மொத்தக் காற்று பெருகி, உள்ளே உறிஞ்சும் விசையும் குறைய, கசிவு ஒரு பொருட்டாக இருப்பதில்லை. இதற்கு நேர்மாறாக, வேகமும் லோடும் கூடக்கூட எண்ணும் கூடினால் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர், ஏர் ஃப்ளோ சென்சார் பக்கம் போய்த் தேடுங்கள். மேனிஃபோல்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சில வண்டிகளில் ஏர் ஃப்ளோ சென்சாரே இருக்காது. மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை மேப் சென்சார் அளந்து, அதிலிருந்து காற்றைக் கணக்கிடுவார்கள். அந்த இன்ஜினில் கசிவுக் காற்றும் அழுத்தமாகக் கணக்கில் ஏறிவிடும். கலவை மெலிவதற்குப் பதில் ஐட்லிங் வேகம் தானாக உயர்ந்து நிற்கும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொண்ட பிறகு எண்களைப் படியுங்கள்.

கசிவு உண்டு என்று தெரிந்ததும், எங்கே என்பது அடுத்த கேள்வி. சிறந்த வழி புகைச் சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டு, குறைந்த அழுத்தத்தில் மேனிஃபோல்டுக்குள் புகையை ஏற்றினால், ஓட்டை இருக்கும் இடத்தில் மெல்லிய இழையாக அது வெளியே வரும். டார்ச் அடித்துப் பார்த்தால் தவறவே விடமாட்டீர்கள். கருவி இல்லையென்றால் வாடகைக்கோ, ஒரு மணி நேர வேலையாக ஒர்க்‌ஷாப்பிலோ செய்துகொள்ளலாம். கார்ப் கிளீனரைக் கேஸ்கெட் ஓரமாகப் பீய்ச்சி, ஐட்லிங் மாறுகிறதா என்று பார்க்கும் பழைய வழியும் வேலை செய்யும். ஆனால் அது எளிதில் தீப்பிடிக்கும் திரவம், எதிர்ப்பக்கத்தில் எக்ஸாஸ்ட் கொதித்துக்கொண்டிருக்கும். சூடான இன்ஜினில் இதைச் செய்ய நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இந்தச் சோதனைகளுக்கு முன்பே ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் வளைத்துப் பாருங்கள். மேனிஃபோல்டின் அடிப்பக்கமாக ஓடும் ஹோஸ்களில்தான் விரிசல் அதிகம், ஏனென்றால் அவற்றை யாரும் பார்ப்பதில்லை.

கசிவு மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில்தான் என்று உறுதியானாலும், மேனிஃபோல்டையே மாற்ற வேண்டுமா, கேஸ்கெட் போதுமா என்று ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. கேஸ்கெட் மட்டும் போதும் என்பதே அடிக்கடி வரும் பதில். மேனிஃபோல்டை மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் சில உண்டு: பிளாஸ்டிக் உடலில் விரிசல், முகப்பு வளைந்துபோனது, உள்ளே காற்றோட்டத்தை மாற்றும் சிறு தகடுகளான ஃபிளாப்களின் அச்சு தேய்ந்து ஆடுவது, கூலன்ட் பாதை அரித்துப்போனது. ஃபோர்டின் 4.6 லிட்டர் வி8 இன்ஜினில் 1990களின் பிற்பகுதியில் வந்த பிளாஸ்டிக் மேனிஃபோல்டு, முன்பக்கத்தில் கூலன்ட் கடக்கும் இடத்தில் விரிசல் விடுவதற்குப் பேர்போனது. பிற்பாடு அந்தப் பகுதியை அலுமினியத்தில் செய்து கொடுத்தார்கள். பிஎம்டபிள்யூவின் எம்47, எம்57 டீசல் இன்ஜின்களில் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் ஸ்வர்ல் ஃபிளாப் உடைந்து சிலிண்டருக்குள்ளேயே விழுந்த கதைகளும் உண்டு. அப்படிப்பட்ட தெரிந்த பலவீனம் உங்கள் இன்ஜினுக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. உங்கள் இன்ஜினுக்கான சர்வீஸ் மேனுவல் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். போல்ட் முறுக்கும் வரிசையும், எத்தனை நியூட்டன் மீட்டர் என்ற எண்ணும் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். நான் கீழே சொல்லும் எண்கள் ஒரு வரம்பைப் புரிந்துகொள்ள மட்டும். மேனிஃபோல்டு கேஸ்கெட்டோடு த்ராட்டில் பாடி கேஸ்கெட், இன்ஜெக்டரின் மேல், கீழ் ஓ-ரிங்குகள், ஈஜிஆர் குழாய் (எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தை மேனிஃபோல்டுக்குத் திருப்புவது) கேஸ்கெட், பிசிவி வால்வு, அதன் ஹோஸ் எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போட்டு, எல்லாம் மாட்டி முடித்த பிறகு பெட்ரோல் கசிவதைக் கண்டுபிடிப்பது மிகக் கொடுமையான வேலை. கூடவே ஒரு சின்ன டார்க் ரெஞ்ச், 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை அளப்பது, அவசியம் வேண்டும். வீல் நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய ரெஞ்ச் இந்தக் குறைந்த அளவில் நம்பகமாகக் கிளிக் ஆகாது. அதை நம்பி முறுக்கினால் மரை போய்விடும்.

இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் ஆரம்பிப்பதே சரி. சூடான அலுமினிய ஹெட்டில் போல்ட்டைக் கழற்றினால் மரை பிய்ந்து வரவும், முகப்பு வளையவும் வாய்ப்பு அதிகம். அடுத்து பெட்ரோல் அழுத்தம். போர்ட் இன்ஜெக்‌ஷன் ரயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில், 3 முதல் 4 பார் வரை அழுத்தம் வண்டி அணைந்த பிறகும் நிற்கும். ஃப்யூயல் பம்ப்பின் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ரயிலில் இருப்பதை எரித்துவிட்டுத் தானாக அணைந்துவிடும். இதை முந்தின நாள் இரவே செய்துவிட்டால் காலையில் இன்ஜினைச் சூடாக்க வேண்டியதில்லை. பிறகு பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். இத்தனை செய்தும் லைனைத் திறக்கும்போது கொஞ்சம் பெட்ரோல் சிந்தத்தான் செய்யும். துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு திறவுங்கள். காற்றோட்டமான இடம், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான், அருகில் எந்த நெருப்பும் இல்லை என்பதில் சமரசமே கூடாது.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும்) இன்ஜின் என்றால் இங்கே நின்று யோசியுங்கள். அந்த இன்ஜினின் ரயிலில் அழுத்தம் 200 பார் வரை, சில இன்ஜின்களில் அதற்கும் மேலே போகும். தோலைத் துளைத்து உள்ளே இறங்கும் அளவு விசை அது. பல வண்டிகளில் அந்த உயர் அழுத்தக் குழாயைக் கழற்றினால் புதிதுதான் போட வேண்டும் என்றே மேனுவல் சொல்லும். மேனிஃபோல்டை எடுக்க அந்தக் குழாயைத் தொட வேண்டிய அமைப்பு என்றால், முதல் தடவை செய்பவர் இந்த வேலையை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுவதே நல்லது.

பானெட்டைத் திறந்ததும் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு ஹோஸையும் கழற்றும் முன் ஹோஸிலும் அது போகும் முனையிலும் ஒரே எண்ணை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். ஒரு அட்டையில் மேனிஃபோல்டின் படத்தைத் தோராயமாக வரைந்து, துளை போட்டு, கழன்ற போல்ட்டை அது இருந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். இது அழகுக்காக இல்லை. போல்ட்கள் எல்லாம் ஒரே நீளம் மாதிரி தெரியும், இருக்காது. நீளமான போல்ட் ஆழம் குறைந்த துளையில் போனால் அடியில் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகின மாதிரி இருக்கும், மேனிஃபோல்டு அழுந்தியே இருக்காது.

பழைய கனெக்டர்களின் பிளாஸ்டிக் லாக் லேசில் ஒடியும். முதலில் கனெக்டரை உள்ளே தள்ளி, அப்புறம் லாக்கை அழுத்தி இழுத்தால் சுலபமாக வந்துவிடும். ஒட்டிக்கொண்ட ஹோஸை இழுக்காமல் முதலில் சுழற்றி விடுங்கள். வரவில்லை, எப்படியும் புதிது போடப்போகிறோம் என்றால் பிளேடால் கீறி எடுத்துவிடலாம். த்ராட்டில் பாடியைப் பல வண்டிகளில் நாலு போல்ட் எடுத்தால் ஒயரோடும் கூலன்ட் ஹோஸோடும் அப்படியே ஓரமாகச் சாய்த்து வைத்துவிடலாம். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் அதன் தகட்டை விரலால் தள்ளித் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் கியருக்கு ஆகாது.

ஃப்யூயல் ரயிலைத் தூக்கும் முன் ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் படிந்திருக்கும் மண்ணைக் காற்றடித்தோ, வேக்கம் கிளீனரால் உறிஞ்சியோ எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த மண் நேராக உள்ளே போகும். ரயிலை இரண்டு முனையிலும் சமமாகப் பிடித்து, மெல்ல ஆட்டி, நேராகத் தூக்க வேண்டும்.

இனி மேனிஃபோல்டின் போல்ட்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். மேலே தெரிவதெல்லாம் கழன்ற பிறகும் மேனிஃபோல்டு அசையவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரை நடுவில் விட்டு நெம்பத் தோன்றும். அங்கேதான் பலர் முகப்பைக் கெடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கீழே ஒரு தாங்கு பிராக்கெட் இருக்கும்: மேனிஃபோல்டின் வயிற்றிலிருந்து இன்ஜின் பிளாக்குக்குப் போகும் ஒரு தகடு, அதில் ஒன்றோ இரண்டோ போல்ட். மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு சின்ன கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்து இன்ஜினுக்கும் பின்சுவருக்கும் இடையில் பார்த்தால், எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவே 12 நம்பரோ 13 நம்பரோ கொண்ட ஒரு தலை தெரியும். நீளமான எக்ஸ்டென்ஷனும் வளையும் ஜாயின்ட்டும் போட்டு மேலிருந்து எடுக்கலாம். இல்லையென்றால் வண்டியைத் தூக்கிக் கீழிருந்து எடுக்க வேண்டும். கீழே போவதென்றால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் போட்டுவிட்டுப் போங்கள்.

மேனிஃபோல்டு வெளியே வந்த நொடியில் ஹெட்டின் துளைகள் திறந்து கிடக்கும். உடனே நூல் பிரியாத துணியால் அவற்றை அடைத்துவிடுங்கள். எத்தனை துணி வைத்தோம் என்று எழுதியும் வையுங்கள். டிஷ்யூ பேப்பர் வேண்டாம், அது பிய்ந்து உள்ளேயே தங்கும். ஒரு போல்ட்டோ வாஷரோ துளைக்குள் விழுந்துவிட்டால் அது கையில் வரும்வரை இன்ஜினைச் சுற்றவே கூடாது. வால்வு மூடியிருந்தால் அதன் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும், வளையும் காந்தக் கம்பியால் எடுத்துவிடலாம். வால்வு திறந்திருந்த துளை என்றால் பிளக்கைக் கழற்றி, கேமரா விட்டு சிலிண்டருக்குள்ளும் பார்க்க வேண்டும்.

பழைய கேஸ்கெட்டைத் தூக்கிப் போடும் முன் நிதானமாகப் பாருங்கள். நன்றாக இருந்த இடத்தில் ரப்பர் விளிம்பு இன்னும் உப்பலாக, நகத்தால் அழுத்தினால் திரும்பி வரும். கசிந்த இடத்தில் அது தட்டையாக, கல் மாதிரி இறுகி, வெளியிலிருந்து உள்ளே போன தூசி ஒரு கோடாகப் படிந்திருக்கும். புகை காட்டிய இடமும் இந்தத் தூசிக் கோடும் ஒன்றாக இருந்தால் நோய் பிடிபட்டது. வேறிடத்தில் இருந்தால், அந்தப் பக்கத்து முகப்பை இரண்டு மடங்கு கவனமாகச் சோதியுங்கள்.

அடுத்தது சுத்தம். இங்கே எவ்வளவு நேரம் போனாலும் தகும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், கேஸ்கெட் ரிமூவர், பிரேக் கிளீனர் நனைத்த துணி: இவை போதும். டிரில்லில் மாட்டும் உராய்வுத் தட்டுகளை அலுமினிய முகப்பில் வைக்காதீர்கள். பளபளப்பாக்கிவிடும்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களையும் உண்டாக்கும். அதைவிட மோசம், அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள் எண்ணெயில் கலந்தால் பேரிங்கை அரித்துவிடும். கார் கம்பெனிகளே இதை எச்சரித்திருக்கின்றன. சுத்தம் முடிந்ததும் ஒரு நேர்த்தகட்டை முகப்பில் நீளவாக்கிலும் குறுக்கு மூலையிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். எவ்வளவு வளைவு அனுமதி என்பது மேனுவலில் இருக்கும், 0.1 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தாலே நான் கவலைப்படுவேன். வளைந்த முகப்பில் எத்தனை புது கேஸ்கெட் போட்டாலும் கசிவு திரும்ப வரும்.

போல்ட் துளைகளில் எண்ணெயோ கூலன்டோ தேங்கி நிற்கக் கூடாது. போல்ட்டை இறக்கும்போது அந்தத் திரவத்துக்குப் போக இடமில்லாமல் முறுக்கு அளவு பொய்யாகும், சமயத்தில் ஹெட்டே விரிசல் விடும். காற்றடித்துக் காயவிடுங்கள். ஒவ்வொரு போல்ட்டும் கையாலேயே அடிவரை சுழன்று இறங்குகிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். மரை போயிருந்தால் ஹெலிகாயில் (கெட்ட துளைக்குப் புது மரை தரும் கம்பிச் சுருள்) போட இதுதான் நேரம். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் இந்தச் சமயத்தில் வால்வுகளின் முதுகில் கரி தடிப்பாகப் படிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். பெட்ரோல் அந்தப் பக்கம் வராததால் கழுவப்படாமல் சேர்ந்தது அது. மூடியிருக்கும் வால்வில் மட்டும் சுத்தம் செய்யலாம்.

புது மேனிஃபோல்டைப் பழையதன் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு முனையும் சென்சார் இடமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உள்ளே போக்குவரத்துக்காகச் செருகிய பிளாஸ்டிக் மூடிகளோ, ஈரம் உறிஞ்சும் பொட்டலமோ இருந்தால் எடுத்துவிடுங்கள். மேப் சென்சாரையும் மற்றவற்றையும் மாற்றி மாட்டுங்கள். பிளாஸ்டிக் மேனிஃபோல்டின் போல்ட் துளைகளில் உலோகப் புஷ் இருக்கும், அது எல்லாவற்றிலும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். போல்ட்டின் அழுத்தத்தைத் தாங்குவது அந்தப் புஷ்தான். அது இல்லாத துளையில் பிளாஸ்டிக் நசுங்கிவிடும்.

கேஸ்கெட்டை உலர்வாகத்தான் வைக்க வேண்டும், மேனுவல் வேறு மாதிரி சொன்னால் தவிர. கூடுதல் பாதுகாப்பு என்று சிலிகான் பேஸ்ட் தடவும் பழக்கம் பலருக்கு உண்டு. ரப்பர் விளிம்பு உள்ள கேஸ்கெட்டை அது வழுக்கி நகர்த்திவிடும். பிதுங்கிய பேஸ்ட் காய்ந்து உள்ளே உதிரும். ஆக்ஸிஜன் சென்சாருக்கு ஒவ்வாத வகையாக இருந்தால் அதையும் கெடுக்கும். துணிகளை எடுத்து, எண்ணி, எழுதிய கணக்கோடு சரிபார்த்துவிட்டு மேனிஃபோல்டை நேராக இறக்குங்கள்.

எல்லாப் போல்ட்களையும் முதலில் விரலால் இறக்குங்கள். அப்புறம் நடுவில் ஆரம்பித்து இரண்டு ஓரங்களுக்கும் மாறி மாறிப் போக வேண்டும். முதல் சுற்றில் சொன்ன அளவில் பாதி, அடுத்த சுற்றில் முழு அளவு. பிளாஸ்டிக் மேனிஃபோல்டில் வரும் எம்6 போல்ட்டுக்குப் பொதுவாக 8 முதல் 12 நியூட்டன் மீட்டர், அலுமினியத்தில் எம்8 போல்ட்டுக்கு 18 முதல் 25 என்ற வரம்பில் இருக்கும். கைக்கு இது மிகவும் லேசாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே என்று தோன்றும். இறுக்காதீர்கள். ஓரத்தில் அதிகமாக இறுக்கினால் நடு தூக்கிக்கொள்ளும், மாற்றிய கையோடு அதே பி0171 திரும்பும். கீழ் பிராக்கெட்டை மேனிஃபோல்டு முறுக்கி முடித்த பிறகு மாட்டுங்கள். முன்பே இறுக்கினால் அது மேனிஃபோல்டைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும்.

வி வடிவ இன்ஜினில், அதிலும் மேனிஃபோல்டு வழியாகவே கூலன்ட் ஓடும் அமைப்பில், வேலை கூடுகிறது. கழற்றும் முன் மேனிஃபோல்டின் மட்டத்துக்குக் கீழே வரும்வரை கூலன்டை வடிக்க வேண்டும். வடித்தாலும் கொஞ்சம் இரண்டு ஹெட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் கொட்டி எண்ணெயில் கலக்கும். அதனால் வேலை முடிந்ததும், ஸ்டார்ட் செய்யும் முன்பே எண்ணெயும் ஃபில்டரும் மாற்றியாக வேண்டும். இரண்டு ஹெட்டும் பிளாக்கின் சுவரும் சேரும் நாலு மூலைகளில் மட்டும், மேனுவல் சொல்லும் சீலன்ட்டை வைக்க வேண்டியிருக்கும். கூலன்ட் பாதைக்குள் போகும் போல்ட்களுக்கு மரை சீலன்ட் தேவைப்படலாம். பின்வரிசை பிளக்குகள், நாக் சென்சார் போன்றவை மேனிஃபோல்டுக்கு அடியில் மறைந்திருக்கும் வண்டி என்றால் அவற்றையும் இதே கையோடு மாற்றிவிடுங்கள்.

இன்ஜெக்டரின் புது ஓ-ரிங்குகளில் சுத்தமான இன்ஜின் ஆயிலைத் தொட்டுத் தடவி, சுழற்றாமல் நேராக அழுத்தி உட்காரவையுங்கள். எல்லா ஹோஸும், முக்கியமாக பிரேக் பூஸ்டர் ஹோஸ், ஏறியதா என்று போட்டோவோடு ஒப்பிடுங்கள். அது விடுபட்டால் பிரேக் பெடல் கல் மாதிரி ஆகிவிடும்.

பேட்டரியையும் பம்ப் ஃபியூஸையும் மாட்டியதும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் இரண்டு மூன்று முறை திருப்பி நிறுத்துங்கள். பம்ப் ஓடி ரயில் நிரம்பும். டார்ச் அடித்து ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையையும் லைன் இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஒரு துளி ஈரம் இருந்தாலும் திரும்பக் கழற்ற வேண்டியதுதான். உலர்வாக இருந்தால் ஸ்டார்ட் செய்யலாம். முதல் சில நிமிடம் ஐட்லிங் ஏறி இறங்கும், பேட்டரி கழன்றதால் ஈசியூ தன் பழைய கணக்கை மறந்திருக்கும். சில வண்டிகளுக்கு த்ராட்டில் ரீலேர்ன், அதாவது த்ராட்டிலின் நிலையை ஈசியூவுக்குத் திரும்பக் கற்றுக்கொடுப்பது, செய்ய வேண்டும். வண்டியை நகர்த்தும் முன் பிரேக்கை நின்ற இடத்திலேயே மிதித்துப் பாருங்கள்.

கூலன்ட் திறந்திருந்தால் காற்றை முழுக்க வெளியேற்றி, இன்ஜின் ஆறிய பிறகு அளவை மறுபடி பார்த்து நிரப்புங்கள். அடுத்த சில நாட்களுக்கும் தினம் ஒரு பார்வை பாருங்கள். ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த நிறம் தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

ஸ்கேனரில் அந்தக் கோளாறுக் கோடை அழித்துவிட்டு, ஊருக்குள் ஒரு ஓட்டம், நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டம் முடிந்ததும் ஸ்கேனரை மாட்டி முதலில் பார்த்த அதே இரண்டு அளவுகளைப் பாருங்கள். ஐட்லிங்கிலும் 2500 ஆர்பிஎம்மிலும் கூட்டுத்தொகை பூஜ்யத்துக்குப் பக்கம், 10 சதவீதத்துக்குள் நின்றால் கசிவு அடைபட்டுவிட்டது. ஐட்லிங்கில் இன்னும் உயரமாகவே இருந்தால் போல்ட்டை மேலும் இறுக்கிப் பார்க்க வேண்டாம். திரும்பப் புகை விட்டு, எந்த இடம் என்று பாருங்கள். நான் பார்த்தவரை அப்போது சிக்குவது பெரும்பாலும் சரியாக ஏறாத ஒரு ஹோஸ்தான்.